பெரியவரின் பின்பாதி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். அங்கு தாங்களும் நலமாகவே இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறர் நிம்மதியைக் கெடுப்பவர்கள் பொதுவாகத் திடகாத்திரமாக இருப்பதையே நான் கண்டிருக்கிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும், தங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் என் மனமார்ந்த ஆசிகளும் உரியன. இம்மூவர் மீதும் எனக்குக் கடுகளவும் வருத்தம் கிடையாது. இருக்கும் வருத்தம் முழுவதையும் தங்கள் ஒருவருக்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதைப் பங்கு போட எனக்கு மனமில்லை.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். தொலைபேசியில் கோபப்பட்டால் சத்தம் வரும். சத்தத்தோடு வரும் கோபம் ஒரு டம்ளர் தண்ணீரில் ஆறிவிடும். நான் கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்தவன். என் கோபம் எழுவாய், பயனிலையோடுதான் வரும். அதனால் தங்களுக்குச் சிரமமில்லையென்றால் உட்கார்ந்து வாசிக்கவும்.

விஷயம் பெரியவரைப் பற்றியது. நாம் இருவரும் கூட்டாக வாங்கிய, வெட்டிய மரங்களைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இழுத்து வரும் அந்த டீசல் வண்டிக்கு, வாங்கும்போதே அதற்கிருந்த வயதை மதித்துப் பெரியவர் என்று பெயர் வைத்தவர் தாங்கள்தான். இடுப்பில் ஒரு கீல் வைத்து, பாதியில் மடங்கித் திரும்பும் வண்டி அது. அந்தக் கீலையே எல்லையாக வைத்துப் பாகப்பிரிவினை செய்தவரும் தாங்கள்தான். "மாப்பிள்ள, எஞ்சின் இருக்கற முன்பாதி உங்க பொறுப்பு. மரத்த இழுக்கற வின்ச்சும் டீசல் டேங்க்கும் இருக்கற பின்பாதி என் பொறுப்பு. நாளைக்கு நமக்குள்ள பேச்சு வரக்கூடாது பாருங்க" என்றீர்கள். பிறகு பின்பாதியை இங்கே விட்டுவிட்டு முழுதாக நகரத்துக்குக் குடிபோய்விட்டீர்கள். நான் அன்று முதல் இன்று வரை முன்பாதியைத் துடைக்கிறேன், பின்பாதிப் பக்கம் போவதில்லை. எல்லை மீறுவது என் வழக்கமன்று. இந்த ஒழுக்கத்தின் விலை என்ன என்பது கீழே வரும்.

வண்டியை ஓட்டுவது தங்கள் தங்கைதான் என்பது தாங்கள் அறிந்ததே. நான் ஓட்டினால் மரம் மேலே வருவதற்குப் பதிலாக நான் கீழே போய்ச் சேருகிறேன். அவள் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டால் வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுக்கும். வீட்டிலும் முணுமுணுப்பாள், அது வேறு. ஆகவே பெரியவர் சோர்ந்துபோனதை முதலில் நான் கண்டுபிடித்தது எஞ்சின் சத்தத்தை வைத்தல்ல. மேட்டில் பாட்டு பாதியில் நின்றது.

காலையில் சிங்கம்போலக் கிளம்புவார். முதல் மரத்தை, இரண்டாவது மரத்தைக் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டியாக இழுத்து வருவார். வெயில் ஏற ஏற அவருக்கு மூச்சு இறங்கும். நடுமேட்டில் சத்தம் மெலிந்து, குரல் கம்மி, "நான் எதுக்கு இருக்கேன்" என்று கேட்பதுபோல ஒரு குலுக்கல் குலுக்கி நின்றுவிடுவார். பள்ளத்தில் வெட்டிப் போட்ட மரம் அப்படியே கிடந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. மழை பிடித்துவிட்டால் அந்தச் சரிவில் எந்த வண்டியும் இறங்க முடியாது. மரம் அங்கேயே மக்கிப் போகும், தங்கள் தங்கையின் தொழிலும் அதோடு மக்கும். இவ்வளவையும் தங்களிடம் தொலைபேசியில் விளக்கினேன். தாங்கள் கேட்ட முதல் கேள்வி:

"மாப்பிள்ள, பொக என்ன கலர்ல வருது?"

"சாம்பல் நிறத்துக்கும் இளநீலத்துக்கும் இடைப்பட்டதாக, ஆனால் உற்றுப் பார்த்தால்..."

"மாப்பிள்ள, நான் என்ன பொடவையா எடுக்கப் போறேன்? கறுப்பா, இல்லியா?"

"கறுப்பு இல்லை. சுமை இழுக்கும்போது புகையே அதிகம் இல்லை."

"அதச் சொல்லுங்க மொதல்ல. கறுப்பா வந்தா எஞ்சினுக்குக் காத்து பத்தலன்னு அர்த்தம். பொகையே இல்லாம சாகுதுன்னா டீசல் போய்ச் சேரலன்னு அர்த்தம். டீசல் வர்ற லைன்ல காத்து ஏறியிருக்கும். லைன்ல காத்து இருக்கக்கூடாது மாப்பிள்ள! எழுதி வெச்சுக்குங்க, காத்து இருக்கக்கூடாது!"

எழுதவில்லை, நினைவில் வைத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்துக்கு இக்கடிதத்தில் பின்னர் வேலை இருக்கிறது.

மெக்கானிக்கை அழைத்தோம். டாக்டர் என்று ஊரே கூப்பிடும் அதே மனிதர்தான். ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வாரே, அவர். நெடுநேரம் கேட்டுவிட்டு, "சார், பெரியவருக்கு உயிர் இருக்கு, தெம்பு இல்ல" என்றார். இதை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே நான் அறிவேன் என்றேன். அவர் பொருட்படுத்தவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். விழுந்த மண்ணில் ஒரு பாத்தி கீரை போடலாம். டீசல் ஃபில்டரை மாற்றினார். லைனில் இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினார். "இப்ப எடுங்கம்மா" என்றார். தங்கள் தங்கை முதலில் டீசல் ஊற்றினாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். பெரியவர் கர்ஜித்தார். மரம் வந்தது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், கல்லூரிப் படிப்புக்கெல்லாம் இந்த உலகத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பெரியவர் மறுபடி படுத்துவிட்டார். டாக்டரின் பார்வையும் வேறு பக்கம் போய்விட்டது.

இப்படியே தொடர்ந்தது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் டீசல் பம்ப்பின் நெம்புகோல் முழுவதும் நகரவில்லை என்று ஒரு நாள் சந்தேகம்; கம்பியைச் சரிசெய்தார். சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று ஒரு நாள் சந்தேகம்; வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினார், பம்பரமாகச் சுற்றியது. டேங்க்கின் உள்ளே டீசல் உறிஞ்சும் குழாய் பாதியில் ஒடிந்திருக்கும், அதனால்தான் டேங்க் நிறைந்திருந்தால் இழுக்கிறது, குறைந்தால் இழுக்கவில்லை என்று ஒரு நாள் ஆராய்ச்சி. இது எனக்கே அழகான ஊகமாகப் பட்டது, ஆனால் குழாய் முழுசாக இருந்தது. ஒவ்வொரு சிகிச்சை முடிந்ததும் தங்கள் தங்கை டீசல் ஊற்றுவாள், பெரியவர் எழுந்து நடப்பார், டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு போவார், மத்தியானம் கதை முடியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைப் பாடம் பாடமாக மாணவர்களுக்கு நடத்தியவன் நான். என் கண்முன்னே நாள்தோறும் ஒரு காக்கை உட்கார்ந்தது, ஒரு பழம் விழுந்தது. நான் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் தாங்கள் மரம் அறுக்கும் மில் முதலாளியின் அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது அழைத்தீர்கள். என் தொலைபேசியின் காது பழுது, ஒலிபெருக்கியில்தான் கேட்கும். தாங்கள் திருவாய் மலர்ந்தருளியது இது:

"மாப்பிள்ள, பெரியவருக்கு இனிமே வைத்தியம் பாக்கறது வேஸ்ட்டு. பம்ப் போயிடுச்சு. சனிக்கெழம ஆள் அனுப்பறேன், வெட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க பக்கத்துல நிக்காதீங்க, மனசு கேக்காது. தங்கச்சிகிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்."

முதலாளி கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்தார். "யாருங்க அந்தப் பெரியவர்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். பாதி விளக்கத்தில் தாங்கள், "கால் ரெண்டும் நல்லாருக்கு, அத மட்டும் தனியா வித்துடலாம்" என்றீர்கள். டயர் என்று சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து நான் மில்லுக்குப் போனால் முதலாளி முதல் காரியமாகத் தன் வயதான தகப்பனாரை உள்ளே அனுப்பிவிடுகிறார்.

பாதிப் பங்குக்காரர் முழு வண்டியையும் பழைய இரும்புக்காரருக்குத் தருவதாக வாக்குக் கொடுக்க முடியுமா என்ற சட்டப் பிரச்சினைக்குள் நான் போகவில்லை. சனிக்கிழமைக்குள் பெரியவர் மேட்டில் ஏறினால் பிழைத்தார், இல்லையேல் துண்டுதுண்டு. தங்கள் தங்கையிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவள் கையில் இருந்த பாத்திரத்தை இரண்டாவது முறை கழுவினாள்.

மறுநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். தங்கள் தங்கை தங்களோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வண்டிக்காக என்று புரிந்துகொண்டு வாசலிலேயே நின்றேன். தங்கள் குரல் தெளிவாகக் கேட்டது: "காத்து இருக்கணும்மா. அவசரப்பட்டுக் கைய வெச்சிடாத. காத்து இருந்தா தானா சரியாகும்."

நான் தண்ணீர் குடிக்க மறந்தேன். மைத்துனரே, அதே வாய்தான் என்னிடம் "லைன்ல காத்து இருக்கக்கூடாது" என்று அடித்துச் சொன்னது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் இருக்கவும் வேண்டும், இருக்கவும் கூடாது என்பது முதலாண்டு மாணவனும் எழுதத் துணியாத வாக்கியம். ஆயினும் இயந்திர விஷயத்தில் என்னைவிடத் தாங்கள் அனுபவஸ்தர் என்ற மரியாதையில், முந்தைய கூற்றைத் தாங்களே திருத்திக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். டாக்டரை அழைத்து, லைனில் காற்று இருக்க வேண்டும், இருந்தால் தானாகச் சரியாகும் என்று மைத்துனர் முடிவு செய்துவிட்டார், ஏதாவது ஓர் இணைப்பைத் தளர்த்தி விடுங்கள் என்றேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். "சார், காத்த வெளிய தொரத்தத்தான் எனக்குத் தெரியும். அழச்சு உக்கார வெச்சு உபசாரம் பண்ணத் தெரியாது."

"மைத்துனர் சொல்லிவிட்டார்."

"அவரு சொன்னா நீங்க கெணத்துல குதிப்பீங்களா சார்?"

"கிணற்றில் காற்று இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை."

இணைப்பு தளர்த்தப்பட்டது. அதுவரை காலையிலாவது எழுந்து நடந்துகொண்டிருந்த பெரியவர், அன்று இருமி, என் சட்டையின் மீது டீசலை உமிழ்ந்து, மூச்சையே நிறுத்திக்கொண்டார். இணைப்பை மறுபடி இறுக்கி, காற்றை மறுபடி துரத்தி, அவரைப் பழைய நோய்க்கே திரும்பக் கொண்டுவருவதற்குள் டாக்டருக்கு முழங்கை வரை கருப்பு ஏறிவிட்டது. என் சட்டையை வெளியே கொடியில்தான் போட்டிருக்கிறோம். வீட்டுக்குள் விட முடியவில்லை.

சனிக்கிழமை காலை பழைய இரும்புக்காரர் லாரியோடு வந்தார். தங்கள் ஆள் என்பதால் கடுமையாக நடத்தலாம் என்றிருந்தேன். அதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்போலச் செருப்பைத் தள்ளிவைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ரொம்ப நாளா கூடவே இருந்துச்சுங்களா?" என்றார். அவருக்குப் பின்னால் லாரியிலிருந்து சிலிண்டரும் கட்டரும் இறங்கின. தங்கள் தங்கை அவரிடம் போய், "அண்ணே, ஒரே ஒரு தடவ இழுத்துப் பாத்துடறேன். ஏறலன்னா நீங்க எடுத்துக்குங்க" என்றாள். அவர், "தாராளமா செய்ங்கம்மா. கடைசி ஆசைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். பிறகு யாருடைய கடைசி ஆசை என்று தனக்கே குழம்பி வானத்தைப் பார்த்தார்.

பெரியவர் இறங்கினார். டாக்டரும் வேலையாட்களும் மரத்தைக் கட்டினார்கள். பாட்டு கேட்டது. சரிவின் பாதி வரை நன்றாக வந்தார். பிறகு வழக்கம்போலக் குரல் கம்மியது, பாட்டு நின்றது. எஞ்சின் அணையவில்லை, மெல்ல முனகிக்கொண்டு, நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இரும்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தங்கள் தங்கை இறங்கி டீசல் கேனை எடுத்தாள்.

"இப்போது எதற்கு டீசல்?" என்றேன்.

"பட்டினியா அனுப்ப மாட்டேன்."

அவள் டேங்க் மூடியைத் திறந்ததை அன்றுதான் நான் அருகிலிருந்து பார்த்தேன். தூங்கும் கைக்குழந்தையின் தலையைத் தலையணையிலிருந்து தூக்குவதுபோல, இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி, மெல்லத் திருகினாள். மூடி கழன்றதும் டேங்க் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக, ஆழமாக, முங்கி எழுந்தவன் இழுப்பதுபோல ஒரு மூச்சு இழுத்தது. கொஞ்ச நேரத்தில் முனகிக்கொண்டிருந்த எஞ்சினின் குரல் தானாக ஏறியது. ஒரு சொட்டு டீசல்கூட இன்னும் ஊற்றவில்லை.

"ஊற்றாதே. மூடியை மூடு" என்றேன்.

"என்னங்க?"

"மூடு. அப்படியே மேலே போ."

மூடினாள்; போனாள்; சற்றுத் தூரத்தில் செத்தார். திறக்கச் சொன்னேன், பிழைத்தார். மறுபடி மூடினோம், செத்தார். திறந்தோம், பிழைத்தார். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார்க்கும் முறையை நான் கரும்பலகையில் நூறு தடவை எழுதியிருக்கிறேன். அது உண்மையிலேயே வேலை செய்யும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. டேங்க்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு துளை உண்டு. துளை அடைபட்டால் டேங்க் உள்ளுக்குள் டீசலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், எஞ்சினுக்கு விடாது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் கோளாறு தீரும், திறந்தவர்கள் தம் வைத்தியம் பலித்தது என்று நம்புவார்கள். நான் முதன்முறையாக எல்லை தாண்டிப் பின்பாதிக்குப் போனேன். மூடியின் உச்சியில், துளை இருக்க வேண்டிய இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு மண் உருண்டை இருந்தது.

"இது என்ன?"

"குளவிக் கூடு" என்றாள் தங்கள் தங்கை, நான் ஏதோ சூரியனைக் காட்டிக் கேட்டதுபோல.

"எப்போதிலிருந்து?"

"அது கட்டுனதுலேர்ந்து."

டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். "பாத்தேன் சார். அம்மா தொடக்கூடாதுன்னாங்க. நான் ஏன் சார் தொடப் போறேன்?" என்றார். தொடக்கூடாது என்பதற்குக் காரணத்தை அறியும் உரிமை எனக்கு உண்டா என்று தங்கள் தங்கையிடம் கேட்டேன்.

"எங்க வீட்ல சொல்லுவாங்க. குளவி வீடு கட்டுனா குழந்த வரும்னு. கலைக்கக்கூடாது."

தங்கள் குடும்பத்தில் இப்படியொரு சித்தாந்தம் வழங்கிவருவதை இத்தனை ஆண்டு இல்லறத்தில் எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. நான் நிதானமாக யோசித்தேன். எங்கள் மகன் கல்யாணப் பேச்சை எடுத்தால் வேறு அறைக்குப் போய்விடுகிறான். வீட்டில் மீதம் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருவனுக்கு வயது ஐம்பத்தாறு.

"யாருக்கு?" என்றேன்.

தங்கள் தங்கை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஆசையப் பாரு" என்றாள். இரும்புக்காரர் முன்னிலையில். அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார். டாக்டர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டார், எஞ்சின் பக்கமே போகாமல்.

கூட்டைத் தட்டிவிடுவோம், துளையைத் திறப்போம், பெரியவர் பிழைப்பார் என்றேன். அவள் மூடியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். வண்டி வேண்டுமா கூடு வேண்டுமா என்றேன். "ரெண்டும் வேணும்" என்றாள். தர்க்கத்தில் இதற்குப் பதில் கிடையாது. பதில் இரும்புக்காரரிடம் இருந்தது. "நேத்து ஒரு வண்டிய வெட்டுனோம். அதோட மூடி லாரியில கெடக்குதுங்க. சேருதான்னு பாக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். குப்பைக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்து, வாயால் ஊதித் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்து, தன் சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தார். திருகினோம். பெரியவர் அந்த மூடியோடுதான் பிறந்தார் என்பதுபோல உட்கார்ந்தது.

அதன் பிறகு நடந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் போனதும் நல்லதே. பெரியவர் சரிவில் ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். மத்தியானம் வந்தது, போனது, குரல் கம்மவில்லை. பாட்டு ஒரு முறைகூட நிற்கவில்லை. தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, தங்கள் தங்கை முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். வெட்ட வந்த இரும்புக்காரர் கட்டரை லாரியில் ஏற்றிவிட்டு, மரம் கட்டும் கம்பியைப் பிடித்து உதவினார். ஒவ்வொரு மரம் மேட்டுக்கு வரும்போதும் தன் சொந்த வண்டி வந்ததுபோலக் கைதட்டினார். பொழுது சாய்வதற்குள் பள்ளம் காலி. கடைசி மரத்தை இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தியபோது முதல் தூறல் விழுந்தது. தங்கள் தங்கை இருக்கையை விட்டு இறங்காமல், நனைந்துகொண்டே, ஸ்டியரிங் மீது கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் குடை எடுத்துப் போனேன். "வேணாங்க" என்றாள். நானும் குடையை மடக்கிவிட்டு அந்த இரும்புப் படியில் உட்கார்ந்தேன். படி முன்பாதியில்தான் இருக்கிறது.

ஆகவே மைத்துனரே, தங்கள் மீது என் குற்றச்சாட்டு தெளிவானது. தாங்கள் காற்று இருக்கக்கூடாது என்றீர்கள். பிறகு இருக்க வேண்டும் என்றீர்கள். எங்கே இருக்கக்கூடாது, எங்கே இருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு இடப்பெயரைச் சொல்லியிருந்தால் டேங்க்கைத் திறந்து பார்த்திருப்போம். பம்ப் போய்விட்டது என்று நாடறியப் பறைசாற்றினீர்கள். பம்ப் சுகமாக இருக்கிறது. கோளாறு இருந்தது முழுக்க முழுக்கத் தங்கள் பின்பாதியில். அதைத் தாங்கள் பராமரிக்கவில்லை, பார்க்கவில்லை, ஆனால் வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். எனவே பின்பாதியின் மீது தங்களுக்குள்ள எல்லா உரிமையையும் கைவிடுவதாக மறுதபாலில் எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று முதல் பெரியவர் முழுவதும் எங்களவர். இயந்திரம் குறித்து மட்டுமன்றி வேறெது குறித்தும் தாங்கள் எனக்கு ஆலோசனை சொல்ல வேண்டாம். தங்கள் எண்ணைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டேன்; அது எனக்கு மனப்பாடமாக இருப்பது என் குற்றமன்று.

தங்கள் ஆயுளும் ஆரோக்கியமும், தொலைபேசி வசதி நீங்கலாக, நாளும் பெருகுவதாக. தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பு.

இங்ஙனம்,
தங்கள் தங்கையின் கணவன்,
முன்பாதி உரிமையாளன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தங்கள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. தங்கள் மகளே பேசினாள். "அத்த, உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றாளாம். பிறகு தாங்கள் வாங்கிப் பேச முயன்று, பேச வராமல் கொடுத்துவிட்டீர்களாம். தங்கள் தங்கை தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அன்னிக்கு இதச் சொல்லித்தாங்க அண்ணன்கிட்ட அழுதேன். அவளுக்குக் கல்யாணமாகி இத்தன வருஷம் ஆச்சு, கூடு கட்டியும் ஒண்ணும் நடக்கலயேன்னு. அண்ணன்தான் சொன்னாரு. காத்திருக்கணும்மா, அவசரப்பட்டுக் கூட்டுல கைய வெச்சிடாத, காத்திருந்தா தானா சரியாகும்னு."

நான் ஜன்னல் வழியாகக் கொடியில் கிடந்த என் சட்டையைப் பார்த்தேன். "அது லைனைப் பற்றி இல்லையா?" என்றேன்.

"எந்த லைனு?"

"ஒன்றுமில்லை. கூடு நம் வண்டியில்தானே இருந்தது? குழந்தை எப்படி அண்ணன் வீட்டுக்குப் போயிற்று?"

"டேங்க் யாரு பங்கு?"

"பின்பாதி. அண்ணன் பங்கு."

"அப்புறம் என்ன கேள்வி?" என்றாள்.

மைத்துனரே, குளவி கட்டினால் குழந்தை வரும் என்ற முதற்கூற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் அதை ஏற்றால் முடிவு வழுவில்லாமல் வருகிறது. என் வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆகவே மேலே கண்ட கடிதத்தை எழுதப்படாததாகக் கொள்க. பின்பாதியின் மீதான உரிமையைத் தாங்கள் எக்காரணம் கொண்டும் கைவிடக்கூடாது. மூடி என் புத்தக அலமாரியில், தர்க்கவியல் நூல்களுக்கு நடுவே, என் துவாலையில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். பார்சலில் அனுப்பத் தங்கள் தங்கை சம்மதிக்கவில்லை, குலுங்குமாம். மகளையும் மருமகனையும் அழைத்து வரவும். மெதுவாக ஓட்டச் சொல்லவும்.

இன்னொரு பி.கு.: இன்று காலை முன்பாதியைத் துடைக்கப் போனேன். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளவி மண் சேர்த்துக்கொண்டிருக்கிறது. துணியை ஓங்கினேன், தங்கள் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் சிரிக்கிறாள். முன்பாதி என்னுடையது. எனக்கு வயது ஐம்பத்தாறு. உடனே தொலைபேசியில் அழைக்கவும்.